மெதுவாவே வாங்க

என்னங்க,

லாரி ஷெட்டுலயே படுத்துக்கிடக்கிறீங்கன்னு கிளீனர் வந்து சொன்னார். சாப்பிடறதும் இல்லையாமே?

அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்க ஓட்டினது எங்க அண்ணன் கார். அந்த வேகத்துக்கு மத்தவங்களை அபராதத்தோட விட்டுடுவாங்களாம்; லாரி டிரைவர்ங்கறதால உங்க லைசென்ஸையே பறிச்சுட்டாங்க. "நான் ஓட்டினேன்னு சொல்லிடறேன் மாப்பிள்ளை"ன்னு போலீஸ் மறிச்சதுமே பக்கத்து சீட்டுல இருந்த அண்ணன் கெஞ்சினார். அதுக்குள்ள, செக்போஸ்ட்ல நீட்டி நீட்டிப் பழகின பொல்லாத கை லைசென்ஸை நீட்டிடுச்சு.

பின்சீட்டுல வலி தாங்காம "மிதிங்க, மிதிங்க"ன்னு கத்தினவ நான். உங்க மேல எனக்கென்ன கோபம்?

தொட்டிலைக் கழற்றிப் பரண்ல போட்டாச்சு. பால்தான் இன்னும் கட்டிக்கிட்டு வலிக்குது.

வீட்டுக்கு வாங்க. பஸ்லயே வாங்க, மெதுவாவே வாங்க. இனிமே நமக்கென்ன அவசரம்?

உங்க வீட்டுக்காரி