விண்வெளிக்கு அனுப்பாத செய்தி

அன்புள்ள வாலுக்கு,

இது வந்து சேரும்போது நீ ஊர் ஊராகப் பேசி முடித்து வீடு திரும்பியிருப்பாய். தொண்டை தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, அப்பாவுக்கு முந்திக்கொண்டு செய்தித்தாளை எடுத்தேன். நூலக அரங்கில் நேற்று நீ பேசிய படம் மூன்றாம் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆறு மாசம் பூமியச் சுத்துனவ மூணாம் பக்கம், ரோட்டுக்கு ரிப்பன் வெட்டுனவன் முதல் பக்கமா என்று அப்பா இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு முறை காட்டிவிட்டார்.

பேச்சு நடுவே தண்ணீர் பாட்டிலைக் காற்றிலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தாயே, அது பொத்தென்று விழுந்ததும் அரங்கமே சிரித்தது. மேல இது சொன்ன இடத்துல நிக்கும், இங்கதான் அடம்பிடிக்குது என்று சமாளித்தாய். முதல் மூன்று நாள் வாந்தி எடுத்ததையும், இறங்கியபின் நடக்கத் தடுமாறியதையும்கூட மறைக்கவில்லை. ஊரே மலைத்தது நீ போன உயரத்தைப் பார்த்து. எனக்குப் பெருமை, நீ மறைக்காமல் பேசியதில்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்த அந்த பஸ் டிரைவர் எழுந்து, நீங்க மேல இருக்கறப்ப வீட்ல ஏதாச்சும் ஆனா சொல்வாங்களாம்மா என்று கேட்டார். கிளம்பும் முன் ஒரு படிவம் உண்டு, கெட்ட செய்தியை உடனே சொல்லவா, இறங்கியபின் சொல்லவா என்று அதில் கேட்பார்கள் என்றாய். உடனே சொல்லச் சொல்லித்தான் எழுதுனேன், அந்தப் பொறுப்பு எங்கக்காவுக்கு, நல்லவேளை ஒண்ணும் நடக்கல என்று என்னைக் காட்டினாய். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

நடந்தது. நீ போன மூன்றாம் மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். நான்கு நாளில் நீ விண்கலத்துக்கு வெளியே இறங்கி வேலை செய்ய வேண்டியிருந்தது. அவகிட்ட மட்டும் வாயத் திறக்காதே என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்படியும் சொல்லிவிட நினைத்து உங்கள் அலுவலக எண்ணை அழைத்தேன். எடுத்ததும், அடுத்த வீடியோ அழைப்பு எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அந்த அழைப்பில் அப்பா ஏன் இளைத்துவிட்டார் என்று நீ கேட்டபோது, தினமும் நடக்கிறார் என்றேன்.

உனக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். திரையில் உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை. நேற்று அந்தக் கைதட்டலில் உட்கார்ந்திருந்தபோது அது புரிந்தது.

பயப்படாதே, அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம்தான் மருத்துவர் பார்த்தார். இதை ஃபோனில் சொல்ல முடியவில்லை. நான் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

இரண்டாம் பயணத்துக்கு உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றாய். அவசியம் போ. அந்தப் படிவத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை மட்டும் இதைப் படித்தபின் முடிவு செய். திட்டுவதானால் என்னைத் திட்டு, அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. எங்கே பறந்தாலும் பத்திரமாகத் திரும்பி வா.

அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறப் போகிறேன் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உறையை ஒட்டிவிட்டு, நானே போய் தபாலில் சேர்க்கிறேன்.

உன் அக்கா