இடப்பக்கச் சில்லு

என் செல்லத் தம்பி யூட்டுக்கு,

உன் பிக்கப் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அதே பழைய பச்சை. கதவு இன்னும் இரண்டு தரம் அடித்தால்தான் பூட்டுப்படும். நேற்றும் கருவாடு ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து பளைக்குப் போய் வந்தேன். ஓட்டியது நான்தான். சிரிக்காதே.

அம்மாவை அங்கே கண்டிருப்பாய். உன்னோடு கதைத்தாவா? போன வருசம் கண்ணை மூடும்போதும் "குடிக்காமல் போயிருந்தால் என்ர பிள்ளை இருந்திருப்பான்" என்றுதான் சொன்னா. ஒரு சோடா குடித்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறவன் எங்கே சாராயம் குடித்தான் என்று நான் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "ஊர் முழுக்கவோ பொய் சொல்லும்?" என்றா. ஊர் சொல்லவில்லை, தம்பி. ஒருவன் சொன்னான், ஊர் அதை வாங்கிச் சொன்னது.

பெஞ்சமின்தான் அந்த ஒருவன். அன்று இறாலோடு பளைக்குப் புறப்படமுன் நான்கு சில்லையும் இறுக்கித் தரச் சொல்லி நீ நிறுத்தியது அவனுடைய கராச்சில். தண்ணீரூற்று தாண்டி மதகடியில் இடப்பக்கப் பின்சில்லு கழன்று ஓட, நீ மரத்தில் போய் மோதினாய். செய்தி கேட்டு ஓடிப்போனவர்களில் அவனும் ஒருவன். சில்லைப் பற்றி யாரும் வாய் திறக்கமுன் "பொடியனில சாராயம் மணக்குது" என்றான். அதோடு கதை முடிந்தது. முகத்துக்கு முன்னால் அவனை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அவனுக்கு அந்த மரியாதை கிடையாது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, வேலியோரம் தறப்பாள் மூடிக் கிடந்த உன் பிக்கப்பைத் திறந்தேன். அந்தப் பின்சில்லைப் பிடித்திருந்த ஸ்டட் ஆணிகளில் பாதி முறிந்துபோயிருந்தன, மீதி புரி தேய்ந்து மொட்டையாக நின்றன. சில்லின் துளைகள் வட்டமாயில்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தன. மற்றச் சில்லுகளையும் கழற்றினேன். வலப்பக்கம் இரண்டிலும் நட்டுகள் கல்லுப்போல. ஸ்பனரில் தண்ணிக் குழாயைச் செருகித் தொங்கித்தான் கழற்றினேன். இடப்பக்க முன்சில்லின் நட்டோ எண்ணெய் விட்டதும் விரலுக்கே அசைந்தது, அதுவும் நான் திருப்பிய பக்கம் இல்லை, மற்றப் பக்கம்.

முறிந்த ஸ்டட்டை எடுத்துக்கொண்டு வவுனியாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "அக்கா, இது இடம்புரி. உந்தப் பழைய வண்டியள் சிலதில இடப்பக்கச் சில்லு மறுபக்கமாத்தான் இறுகும்," என்றார் அவர். சங்கில் இடம்புரியும் வலம்புரியும் பார்த்து வளர்ந்த நமக்கு நட்டிலும் அது இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

பஸ்ஸில் திரும்பி வரும்போது பெஞ்சமினின் கால் நினைவுக்கு வந்தது. அவன் கையால் நட் இறுக்கி நீ பார்த்திருக்கிறாயா? ஸ்பனரை வலப்பக்கம் நீட்டிக் கொளுவி, அதில் ஏறி ஒரு மிதி. டக் என்று சத்தம் வந்தால் இறுகிவிட்டது, அடுத்த நட். அந்த மிதி வலப்பக்கச் சில்லுகளை இறுக்கியது. இடப்பக்கச் சில்லுகளை இளக்கியது. இளகும்போதும் டக் என்றுதான் கேட்கும்.

அவன் தெரியாமல் செய்தான். அதை நான் விட்டுவிடலாம். ஆனால் சாராயம்? அதைத் தெரிந்தே சொன்னான்.

பழைய ஸ்டட்டுகளைச் சுத்தியலால் அடித்து வெளியே எடுத்தேன். புதிய இடம்புரி ஸ்டட்டுகளை இறக்கினேன். வேறொரு சில்லு தேடிப் பிடித்து, அது சமமாக உட்காரும்படி பழைய பெயின்றையும் கறளையும் சுரண்டி, எதிரெதிர் நட்டுகளாக மாறி மாறி இறுக்கினேன். கடற்கரைக் கோவில்வரை ஓடிவிட்டு வந்து இன்னொரு தரம் இறுக்கினேன். ஒவ்வொரு நட்டுக்கும் அவன் பெயரைச் சொல்லித்தான் பலம் எடுத்தேன்.

உன் ஆண்டுப் பூசை அன்று எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவனும் வந்தான். ஆட்டிறைச்சி என்றால் வராமல் இருப்பானா? அவன் கை கழுவியதும் கேட்டேன்.

"அண்ணை, நாளைக்குப் பளைக்குப் போறன். சில்லு நாலையும் ஒருக்கா இறுக்கி விடுங்கோவன். யூட்டுக்கும் நீங்கள்தானே இறுக்கினனீங்கள்."

எல்லோரும் பார்க்க ஏறி மிதித்தான். டக், டக்.

"இனிப் பயப்பிடாமல் போ தங்கச்சி."

"அப்ப நீங்களும் ஏறுங்கோ. அந்த மதகடி வரைக்கும் போயிட்டு வருவம்."

ஏறி இருந்தான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன, எனக்கு ஆசை வந்தது. அப்படியே கொண்டுபோய் அதே மரத்தில் அவனைச் சேர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் செத்தால் உன்னைக் குடிகாரன் என்று சொன்ன வாயும் சேர்ந்து போய்விடும். எனக்கு அந்த வாய் வேண்டும். எஞ்சினை நிறுத்தினேன்.

"இறங்கி இடப்பக்க நட்டை விரலால திருப்பிப் பாருங்கோ அண்ணை."

திருப்பினான். சுற்றிக்கொண்டு வந்தது. நின்ற ஆட்களும் ஒவ்வொருவராக வந்து திருப்பிப் பார்த்தார்கள். இடம்புரிக் கதையை நான் எல்லோருக்கும் சொன்னேன்.

"உது பழைய வண்டி எல்லோ. உப்பிடி இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அதுக்கு நான் கோவிக்கேல்லை. அவனில சாராயம் மணந்ததோ?"

அவன் அந்த நட்டையே திரும்பவும் திருப்பினான்.

"அம்மா இருந்த கதிரை அந்தா கிடக்கு. அதைப் பாத்துச் சொல்லுங்கோ."

"மணக்கேல்லை."

"கேக்கேல்லை அண்ணை, உரக்கச் சொல்லுங்கோ."

"பொடியனில சாராயம் மணக்கேல்லை. என்னைப் பிடிப்பினமெண்ட பயத்தில சொன்னனான்."

அம்மா இருந்து கேட்டிருக்க வேண்டும். அதுதான் இன்னும் என் நெஞ்சை எரிக்கிறது, தம்பி. மன்னிப்புக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. கொடு பிள்ளை என்றார் பூசை வைத்த பாதர். அது உங்களின் வேலை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பளைக்குப் போகும்போதெல்லாம் அவன் கராச் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடிக்கிறேன். இறங்குவதில்லை. ஸ்பனரோடு அவனே வருவான். "அண்ணை, என்ர தம்பி குடிச்சவனோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பேன். "இல்லைத் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, குந்தியிருந்து, கையால், இடப்பக்கமாக இறுக்குவான். புதிதாக நிற்கிறவர்கள் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். விளக்கமும் அவன்தான் சொல்ல வேண்டும்.

கராச்சை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கப் போகிறானாம். இருக்கட்டும், வீடு எனக்குத் தெரியும். உனக்கு வாக்குத் தருகிறேன்: இந்த வண்டி ஓடும்வரை ஹோர்ன் அடிப்பேன். வண்டி நின்றுபோனால் நடந்துபோய்க் கேட்பேன்.

உன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உன் அக்கா ரெஜினா