உவனை விடாதை

குளிர்கால ரயர்களைக் கழற்றக் கொடுக்க வேண்டுமென்று இன்று காலை காரின் டிக்கியைத் திறந்தேன். மூலையில், பனி தட்டும் தூரிகைக்கு அடியில், உன்னுடைய இருக்கை மெத்தை கிடந்தது. பல்கலைக்கழக மைதானங்களின் அலுமினிய வாங்குகளில் உட்கார்ந்தால் குளிர் நேரே முதுகுக்கு ஏறும் என்று நீ காவிக்கொண்டு திரிந்த அந்தப் பச்சை மெத்தை. எடுத்து மணந்து பார்த்தேன். கோப்பியும் தைலமும் கலந்த வாசம் இன்னும் இருந்தது. கராஜில் ரயர் மாற்ற வந்தவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று இன்னொரு தரம் மணந்தேன்.

மச்சான், நீ கண்ணை மூடின குளிர்காலம் ஒருவழியாக முடிந்துவிட்டது. நாளைக்கு, நீயும் நானும் பெடியன்களைத் தேடிப் பார்த்துச் சொன்ன ஃபுட்பால் அணியின் அலுவலகத்தில் கடைசிக் கூட்டம். அடுத்த கிழமை டிராஃப்ட். பல்கலைக்கழகத்தில் விளையாடி முடித்த பெடியன்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் நாள். லைன்பேக்கர்களைப் பற்றி அந்த மேசையில் நான்தான் பேச வேண்டும். இத்தனை வருடமும் நீயும் நானும் சேர்ந்து பேசிய இடம் அது.

லைன்பேக்கர் என்றால் யார் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் எங்கள் ஃபுட்பாலில், முன்வரிசையில் முட்டி மோதும் தடியன்களுக்குப் பின்னால் நிற்பவன். எதிரணி பந்தைக் கொடுப்பது போலக் காட்டும், கொடுக்காது. வலப்பக்கம் ஓடுவது போலக் காட்டும், இடப்பக்கம் போகும். அந்தப் பொய்யை நம்பாமல் நின்று, பந்து போகும் பக்கத்துக்கு முதலில் கால் வைக்க வேண்டியவன் அவன். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கும் ஆள். அவனைத் தேடிப் பிடிக்க உன்னை விட்டால் வேறு ஆளில்லை என்று நான் பகிடி பண்ணுவேன். கோப்பிக் கடையில் சீனி போடவில்லை என்று அடித்துச் சொன்னாலும் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் அல்லவா நீ.

கோச்மார் அனுப்பும் வீடியோக்களுக்கு நீ வைத்த பெயர் கலியாண அல்பம். “உதிலை ஆராவது சண்டை பிடிச்சுப் பாத்திருக்கிறியோ? நல்ல முகத்தை மட்டும்தான் ஒட்டியிருப்பாங்கள்” என்பாய். பல்கலைக்கழகம் எழுதித் தரும் உயரத்தையும் நீ ஒருநாளும் நம்பியதில்லை. விளையாட்டு முடிந்ததும் பெடியனிடம் போய், “வாரும் தம்பி, ஒரு படம் எடுப்பம்” என்று பக்கத்தில் நிற்பாய். தாய்மார் புளகித்துப்போய்த் தங்கள் போன்களையும் தூக்குவார்கள். நீ உன் காதை அளவுகோலாக வைத்து, அவன் தோள் எங்கே வந்து முட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு என்ன தெரியும்.

“பந்தைப் பாக்காதை மச்சான். விழுந்தவன் என்னெண்டு எழும்புறான் எண்டு பார். விழுறதுக்குத்தான் கோச்மார் பழக்குவாங்கள். எழும்புறதுக்கு ஒருத்தரும் பழக்கிறேல்லை. அதிலை பொய் வராது.” இதை எத்தனை மைதானங்களில், எத்தனை மழைகளில் சொல்லியிருப்பாய். நான் தலையாட்டிவிட்டுப் பந்தைத்தான் பார்ப்பேன்.

இன்னொரு பிடிவாதமும் உனக்கு இருந்தது. முடிவு எடுக்கும் வரை எந்தப் பெடியனின் வீட்டுச் சாப்பாட்டிலும் கைவைக்க மாட்டாய். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதற்குப் பிறகும் தொடமாட்டாய். “அவையின்ரை கையாலை வாங்கித் திண்டிட்டு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது” என்பாய். ஒரு இத்தாலியத் தாய் சுடச்சுடக் கொண்டு வந்து தந்த லசானியாவைக் காருக்குள் வைத்து முழுதாக என்னிடம் நீட்டிவிட்டு, நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்படிக் கொள்கை ஒன்றும் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டேன். அந்தப் பெடியனை நாங்கள் எடுக்கவில்லை.

அப்படிப்பட்ட உன்னிடம்தான் போன இலையுதிர் காலத்தில் நிரோஷன் வந்து மாட்டினான். மோர்னிங்சைட்டில் வளர்ந்த தமிழ்ப் பெடியன். சின்னப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விளையாடினான். அவனுடைய தகப்பன் பெயர் ஜேர்சியின் முதுகில் ஒரு அக்குளில் தொடங்கி மற்ற அக்குள் வரை வளைந்து கிடந்தது. “எழுத்து ஒட்டினவன் பாவம்” என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: “எங்கடை பெடியன் எண்டால் ரெண்டு தரம் பாக்கோணும் மச்சான். நாங்கள் பக்கம் சாயுறம் எண்டு மற்ற ஆக்கள் நினைப்பினம். அதைவிட மோசம், நாங்கள் உண்மையிலேயே சாய்ஞ்சிடுவம்.”

அன்றைக்கு அவன் விளையாடிய விளையாட்டைப் பார்த்து நான் சாய்ந்துதான் போனேன். நீ அசையவில்லை. முடிந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் அவனுடைய தாய் அலுமினியத் தட்டோடு வந்தா. “அண்ணை, ஒண்டு எடுங்கோ. வெள்ளண எழும்பிப் பொரிச்சனான்.” ஆட்டிறைச்சி ரோல்ஸ். நான் இரண்டை அந்த இடத்திலேயே முடித்தேன். நீ ஒன்றை எடுத்து ரிசுக் கடதாசியில் சுற்றி, “பிறகு சாப்பிடுறன் தங்கச்சி” என்று ஜக்கெட் பைக்குள் வைத்தாய். வழியில் குப்பைத்தொட்டிக்குள் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் காரை எடுக்கப் போனபோது நீயும் நிரோஷனும் படம் எடுத்து முடித்து, வேலியோடு சாய்ந்து நின்றீர்கள். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் அஜக்ஸ் வரும் வரை நீ வாய் திறக்கவில்லை. “பெடியன் எப்பிடி?” என்று கேட்டேன். “பாப்பம்” என்றாய். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீ மைதானத்துக்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்றாய். வீட்டில் பெயின்ற் வேலை என்றாய். கடைசியில் உன் மனைவிதான் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் எடுத்தா. நான் வந்தபோது நீ பாதியாகிப் போயிருந்தாய். என்ன பேசுவதென்று தெரியாமல் போனை எடுத்து நிரோஷனின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாய். கையைத் தூக்கிப் போனைக் காட்டிச் சொன்னாய்: “உவனை விடாதை.” தாதி வந்தா, ஊசி போட்டா, நீ நித்திரையாகிவிட்டாய். அதற்குப் பிறகு நான் வந்த நாட்களில் நீ என்னோடு கதைக்கிற நிலையில் இருக்கவில்லை.

மச்சான், அந்த இரண்டு சொல்லோடும் நான் இந்தக் குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். விடாதே என்றால் கையை விட்டுப் போக விடாதே, எடு என்றும் வரும். உள்ளே விடாதே, எடுக்காதே என்றும் வரும். போதாததற்கு உவன். எனக்குப் பக்கத்தில் நின்றால் இவன், தூரத்தில் நின்றால் அவன், கேட்கிற உனக்குப் பக்கத்தில் நின்றால் உவன். எங்கள் ஆட்களுக்கு உவனில் இன்னொரு சங்கதியும் உண்டு. நம்பாத ஆளைச் சொல்லும்போதும் உவன்தான் முதலில் வாயில் வரும். உன் வாயில் எத்தனை லைன்பேக்கர்கள் உவனாகி வீட்டுக்குப் போனதை நான் கேட்டிருக்கிறேன்.

அதனால் அன்றைய ஆட்டத்தின் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் அவன் விழுந்த ஒவ்வொரு முறையும் வலக்கையை மட்டும் ஊன்றி எழும்புகிறான். இடக்கை நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. பெடியன் காயத்தை மறைக்கிறான். கோச் மறைக்கிறார், என்னோடு அத்தனை தரம் போனில் கதைத்தும் மூச்சு விடவில்லை. நீ? எழும்புவதைப் பார் என்று எனக்குப் பாடம் எடுத்த நீ, அதைக் காணாமல் இருந்திருக்க முடியாது. கண்டும் ஏன் சொல்லவில்லை? எங்கடை பெடியன் என்று சாய்ந்துவிட்டாயா? உன்னை அப்படி நினைக்க எனக்கே கசந்தது. ஆனாலும் நினைத்தேன்.

காயக்காரனை எடுத்தால் தமிழன் தமிழனைக் கொண்டு வந்து போட்டான் என்று அந்த மேசையில் சொல்லாமல் சொல்வார்கள். அதற்குப் பிறகு நான் எந்தப் பெடியனைப் பற்றிச் சொன்னாலும் எடுபடாது. எடுக்காமல் விட்டால் நிரோஷனின் விளையாட்டு இந்த வசந்தத்தோடு முடிந்தது. பெரிய சோதனை முகாமுக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. எங்களை விட்டால் அவனை நேரில் போய்ப் பார்த்த அணியும் இல்லை.

ரயர் வேலை முடிந்ததும் நேரே மோர்னிங்சைட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட மைதானத்தில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். தாய் காருக்குள் இருந்தா. நான் சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, இடது தோளுக்கு என்ன?”

அவன் ஒருதரம் தாயின் காரைப் பார்த்தான். “அது கழண்டது அங்கிள். அண்டைக்கு ஃபர்ஸ்ட் ஹாஃபிலை. திருப்பிப் போட்டுட்டு விளையாடினனான். இப்ப ஓகே, பிசியோவும் முடிஞ்சுது. கோச் ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர்.”

“அப்ப எங்களுக்கும் ஒளிச்சனீர்.”

“இல்லை அங்கிள். ஐ டோல்ட் யுவர் ஃப்ரெண்ட். படம் எடுக்கேக்கை அவர் இந்தத் தோளிலை கையைப் போட்டு அமத்தினவர். நான் கத்திப் போட்டன். என்ன எண்டு கேட்டவர், எல்லாம் சொன்னனான். சொன்னால் எடுக்கமாட்டியள் எண்டு தெரியும், பட் அவர் கேட்டவர். உங்களுக்கு அவர் சொல்லேல்லையோ?”

“அவர் அதுக்கு என்ன சொன்னவர்?”

“ஒண்டுமில்லை. ஜக்கெட்டுக்குள்ளை இருந்து அம்மாவின்ரை ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டவர். சாப்பிட்டு முடிச்சுப்போட்டு, அம்மாட்டைச் சொல்லும், மிளகு கூடிப் போச்சு எண்டவர்.”

“சாப்பிட்டவரோ?” என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை, எங்கள் கதை அவனுக்குத் தெரியாதே. நீ சாப்பிட்டாய் மச்சான். கோச் சொல்லாதே என்று சொல்லியும், தன் வாழ்க்கையே போகலாம் என்று தெரிந்தும், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்ன பெடியனின் வீட்டு ரோல்ஸை, அவன் முன்னாலேயே நின்று சாப்பிட்டாய். ஆஸ்பத்திரியில் போன் என் கையில் இருந்தது. அதற்குள் நின்றவன் என் பக்கத்தில் நின்றவன், உன் வாயில் அவன் உவன்தான். நீ எளிய தமிழில் ஆளைக் காட்டினாய். நான்தான் அதற்குள் போய்ப் பூதம் தேடினேன்.

தாய் காரை விட்டிறங்கி வந்தா. தட்டில்லாமல் அவ வெளிக்கிடுவதில்லைப் போலிருக்கிறது. ஒன்றை எடுத்தேன். மிளகு கூடத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகுதான் என்று அவவுக்குச் சொன்னேன். நாளைக்கு அந்த மேசையில் அவன் பெயரையும் சொல்வேன், தோளையும் சொல்வேன். அணியின் டொக்டர் பார்க்கட்டும். எடுப்பதும் விடுவதும் அதற்குப் பிறகு அவர்கள் பாடு. என் சொல் அவன் பக்கம்.

ஆனால் உன்னில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அன்றைக்கு ஆட்டம் முடிந்து நீ அந்த வாங்கிலிருந்து எழும்பியபோது, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை இந்த மெத்தையில் ஊன்றித்தான் எழும்பினாய். “கிழவனாகிட்டாய்” என்றேன். சிரித்தாய். உன் நோய் உனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று இப்போது சந்தேகப்படுகிறேன். கார் நிறுத்துமிடத்தில் நின்று அந்தப் பெடியன் தன் காயத்தை உனக்குச் சொல்லிவிட்டான். நீ நானூற்றொன்று முழுக்க என் பக்கத்தில் இருந்தும் உன்னுடையதை எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன, உன்னை டிராஃப்டிலிருந்து வெட்டி விட்டிருப்பேனா?

மெத்தையை வீட்டுக்குள் கொண்டு வந்து சோபாவில் போட்டிருக்கிறேன். பின்னேரம் என் மனைவி அதில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தா. எழும்பும்போது கையை எங்கே ஊன்றுகிறா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்?” என்று கேட்டா.

“ஒண்டுமில்லை. ஒருக்கா இருந்திட்டுத் திருப்பி எழும்பும்” என்றேன்.