மாடி வீட்டுக்குப் போன சிவப்புக் கார்

காளவாசல், மதுரை
12.8.2003

அன்புள்ள மகன் ராம்கிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லார் உடம்பும் நலம், நீயும் துபாய் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கணும். நேற்று சாயங்காலம் நம் மாடியில் குடியிருக்கும் சந்தானத்தின் மகன் ஹரிஷ்குமாரை, தெருவே கேட்கத் திருட்டுப்பயலே என்று சொல்லிவிட்டேன். உன் பெண்டாட்டி போனில் பாதி சொல்லியிருப்பாள், மீதியை நான் எழுதுகிறேன்.

நீ அனுப்பின சிவப்பு ரிமோட் காரைக் காணோம். உன் மகள் அஸ்வினி கையில் கதவு உடைந்த பிளாஸ்டிக் லாரி ஒன்று, திருப்பரங்குன்றம் திருவிழாக் கடைச் சரக்கு. நானும் ஹரிஷ்குமாரும் மாத்திக்கிட்டோம் தாத்தா என்றாள். முப்பது வருசமாக இரும்புக்கடை நடத்துகிறவன் பேத்தியை ஆறு வயசுப் பயல் ஏமாற்றிவிட்டானே என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது, வாசலில் நின்று கத்தினேன். சந்தானம் இறங்கி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகனை அடித்தான். பையன் அழுதுகொண்டே காரைக் கொண்டுவந்து வைத்தான், பேட்டரியைக் கழற்றித் தனியாகக் காகிதத்தில் சுற்றியிருந்தான். இந்த மாசத்தோட காலி பண்ணிக்கிறோம்ணே, திருடனை எதுக்கு வீட்டுல வச்சுக்கிட்டு என்று சொல்லிவிட்டுச் சந்தானம் மேலே போய்விட்டான்.

அப்புறம்தான் அஸ்வினி மீதியைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் மாற்றினார்களாம். பேட்டரி தீரக்கூடாது, லாரியில் கல் ஏற்றக்கூடாது என்று ரெண்டும் பேசி வைத்திருக்கின்றன. ஏண்டி அம்புட்டு நல்ல காரைக் கொடுத்தே என்றால், அது தானா ஓடுது தாத்தா, நான் சும்மா பாத்துக்கிட்டுல்ல நிக்கணும், லாரின்னா சரக்கு ஏத்தலாம் என்கிறாள். வாசல் சரிவில் விட்டும் காட்டினாள். நட்டு போல்ட்டை அடியிலும் பஞ்சை மேலேயும் வைத்தால் லாரி நேராக இறங்குகிறது, மாற்றி வைத்தால் கவிழ்கிறது. இதை நம் லோடுமேன் வெள்ளைத்துரைக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வருசம் ஆனது.

தினமும் ஹரிஷ்குமாரோடு பள்ளிக்கூட ஆட்டோவில் போகிற அஸ்வினி இன்று காலை தனியாகப் போனாள். மாடியில் சத்தமே இல்லை. உன் அம்மா மயங்கி விழுந்த அன்று, நான் கடையில் இருக்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது சந்தானத்தின் பெண்டாட்டி நாகமணிதான், மறந்திருக்க மாட்டாய். நானே காரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகையைக் குறைச்சுக்கிறேன் என்று ஆரம்பித்தேன், என் வாய் அப்படித்தானே போகும். எங்ககிட்ட எதுக்குண்ணே பேரம், பேச்சு வாங்குனவன் உள்ள இருக்கான், அவன்கிட்டப் பேசுங்க என்றாள் நாகமணி. போய் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

இனிமேல் தானாக ஓடுகிற எதையும் அனுப்பாதே. வரும்போது லாரியாக வாங்கி வா, ரெண்டாக வாங்கி வா. பாண்டி முனி உன்னைக் காக்கட்டும்.

மாடியில் ஹரிஷ்குமார் சொன்னதற்கெல்லாம் பேரம் பேசாமல் சரி என்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கார் அவனிடம். பேட்டரி தீர்ந்தால் புதுசு நான் வாங்கித் தரணும். நாளைக் காலை ஆட்டோ வரும்போது, கத்தின அதே இடத்தில் நின்று, ஹரிஷ்குமார் திருடவில்லை என்று அதே சத்தத்தில் நான் சொல்லணும். சொன்ன பிறகுதான் பெட்டியைப் பிரிப்பார்கள்.

உன் அப்பா,
சோணை