நெளியாத கோடு

என் அண்ணனோடு எனக்குச் சண்டை வந்தால் என் பக்கமே நின்ற மதினிக்கு,

காய்ச்சலென்று படுத்த நீங்கள் எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ராஜபாளையத்தில் நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சாவி இப்போது என்னிடம். மெல்லிய தகட்டை மின்சாரத்தால் சூடாக்கி, ஒருபக்கம் காற்றை ஓடவிட்டு, கறுப்பு பூசிய மறுபக்கத்தை அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பீர்களே, அதை நான்தான் முடிக்கிறேன். காற்று சுவரை ஒட்டிக் குழம்பி ஓடும்போது சூடும் குளிர்ச்சியுமாகக் கோடுகள் தோன்றும், நெளியும், மறையும்.

உங்கள் கடைசிப் பதிவில் ஒரு குளிர்ந்த கோடு மட்டும் நெளியவில்லை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டதால்தான், கோடுகள் மற்றவர்கள் சொன்னதைவிட நெடுநேரம் நிலைக்கின்றன என்று இன்னும் வெளியாகாத உங்கள் கட்டுரையில் வந்திருந்தது.

முதலில் துறைத்தலைவரைத்தான் சந்தேகப்பட்டேன். பதிவில் கை வைத்துவிட்டாரோ?

"அத ஏம்மா நோண்டிக்கிட்டு இருக்க? அவங்க பேர்ல நல்லபடியா வந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேமராவிலேயே இருந்த மூலப் பதிவிலும் கோடு இருந்தது.

அதே தகட்டைச் சூடாக்கி, காற்றை நிறுத்தினேன். அப்போதும் கோடு அங்கேயே கிடந்தது. தகட்டைக் கழற்றினால், கறுப்புப் பூச்சில் நீளமாக ஒரு கீறல்; பூச்சு போன இடம் கேமராவுக்குக் குளிர்ந்ததுபோலத் தெரிந்திருக்கிறது.

பிறகு உங்களைச் சந்தேகப்பட்டேன். காற்றை நிறுத்திப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்று என்னிடம் சொன்னதே நீங்கள்தானே? நீங்கள் பார்க்கவில்லையா?

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அண்ணனிடம் சொன்னேன்.

"அவ பொய் சொல்லுதவளா? அத மட்டும் சொல்லு. பொறவு என்னமும் செய்."

அதற்கு விடை தேடி ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினேன்.

வேறு தகடு தேடியபோது அலமாரியில் ஒன்று இருந்தது. அளவாக வெட்டி, கறுப்பு பூசி, நீங்களே துணியில் சுற்றி வைத்தது. அதைப் பொருத்திப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் நெளிந்தன. மற்றவர்கள் சொன்ன அதே சாதாரண முடிவுதான் வந்தது. துறைத்தலைவரின் முகம் சுருங்கிவிட்டது.

அந்தத் தகட்டை எப்போது பூசினீர்கள் மதினி? கட்டுரை எழுதுவதற்கு முன்பா, பிறகா? மறுபடி செய்துபார்க்கத்தான் எடுத்து வைத்தீர்களா?

பழைய முடிவு வெளியே போகாது. புதியதில் உங்கள் பெயர் முதலில் இருக்கும், கீறலைப் பற்றியும் எழுதியிருக்கும். அண்ணனிடம் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன்.

உங்களைச் சந்தேகப்பட்டும் விட்டுக்கொடுக்காத நாத்தனார்,
செல்வி