என் மனைவியைப் படகில் ஏற்றிக்கொள்ளக் கோரி

அனுப்புநர்
ரூபன் சிசோம்,
இறால் படகு ஓட்டி (ஓய்வு),
பழைய துறைச் சாலை,
ஆய்ஸ்டர் பெண்ட், தென் கரோலினா.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வரலாற்று இடங்கள் அலுவலகம்,
பல்மோர் நெல் தோட்டம்.

பொருள்: ஜூன் மாதப் படகுத் தாக்குதல் நிகழ்ச்சியில் என் மனைவி கலந்துகொள்ளத் தடை விதித்த உத்தரவை மாற்றி, அவரைப் படகில் ஏற அனுமதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்குப் படையின் நீராவிப் படகுகள் நம் ஆற்றில் வந்து, பல்மோர் தோட்டத்துக் களஞ்சியங்களைக் கொளுத்தி, அடிமைகளாயிருந்த எங்கள் முன்னோரை ஏற்றிச் சென்ற நாளை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறோம். தாங்கள் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆவதால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. யாருக்கு எந்த வேடம் என்று இங்கே எவரும் பிரித்துத் தருவதில்லை. அன்று படகேறியவர்களின் வம்சம் படகேறும். இடமில்லாமல் நின்றுபோனவர்களின் வம்சம் கரையில் நிற்கும்.

2. என் குடும்பம் படகுக் குடும்பம். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறியவர்கள். என் மனைவி லூவீனியா கரைக் குடும்பம். எங்கள் கல்யாணத்தன்று அவள் மாமா தேவாலயத்தில் எல்லார் முன்னாலும், “மாப்ளே, வருஷா வருஷம் எங்க பொண்ண விட்டுட்டு ஓடப்போற. அதுக்கு இப்பவே மன்னிச்சுட்டோம், போ!” என்றார். அப்படியே நடந்தது. நான் படகில் போவேன். அவள் கரையில் நின்று கைநீட்டி அழுவாள். வீடு திரும்பும் வழியெல்லாம், “வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டியாய்யா நீ? பானைய மட்டும் பத்திரமா தூக்கிட்டுப் போற!” என்று வறுத்தெடுப்பாள். அந்த வசவைக் கேட்கவே எனக்கு ஜூன் மாதம் பிடிக்கும்.

3. ஐயா, இப்போது அவளுக்கு மறதி நோய். பெற்ற மகளின் பெயரே போய்விட்டது. சென்ற ஆண்டு படகு நகர்ந்தபோது, அது நடிப்பு என்பதும் அவளுக்கு மறந்துபோயிற்று. “ரூபன்! என்னையும் கூட்டிட்டுப் போய்யா!” என்று கத்திக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். பார்வையாளர் பந்தலில் இருந்தவர்கள் பிரமாதமான நடிப்பென்று கைதட்டினார்கள். நான் படகில் இருந்தேன். அவள் குரல் எனக்குத் தெரியாதா? சிப்பாய் வேடத்தில் இருந்த இருவர்தான் அவளைத் தூக்கிக் கரைசேர்த்தார்கள். அவர்கள் நன்றாயிருக்கட்டும்.

4. அதைக் காரணம் காட்டி, பாதுகாப்புக் கருதி அவள் இனி கலந்துகொள்ளக் கூடாது என்று தாங்கள் உத்தரவிட்டுள்ளீர்கள். தங்கள் அலுவலகப் பெண் தொலைபேசியில் கனிவாகத்தான் பேசினார்: “பந்தல்ல நிழலா ஒரு சேர் போட்டுத் தர்றோம் சார், உக்காந்து பாக்கட்டும்.” நாற்காலியிலிருந்து பார்த்தாலும் நான் போவது போவதுதானே, ஐயா? அப்படியானால் இருவருமே வீட்டில் இருந்துவிடலாமே என்பீர்கள். ஒத்திகை நாளில் அதையும் செய்து பார்த்தேன். நான் அசந்த நேரத்தில் வீட்டுச் செருப்போடு ஆற்றுச் சாலையில் இறங்கிவிட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தால், “படகு வந்துரும்ல, வழிய விடு” என்று என்னையே யாரோ போல அதட்டுகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. தங்களை நேரில் கண்டு முறையிட்டபோது, “கரையில நின்னவங்கள ஏத்திவிட்டா அது வரலாறு இல்லீங்களே” என்றீர்கள். நியாயம்தான். நான் கூடுதல் இடம் கேட்கவில்லை. கேட்டால் மற்றக் கரைக் குடும்பங்களும் கேட்பார்கள், அதுவும் நியாயம். ஆகவே இந்த ஆண்டு அவள் என் இடத்தில் ஏறட்டும், அவள் இடத்தில் நான் நிற்கிறேன். என் முன்னோர்கள் கல்லறையிலிருந்து கோபித்தால் நான் சமாளித்துக்கொள்கிறேன். அவள் தங்கை மகள் கோரின் தகப்பன் வழியில் படகுக் குடும்பம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். படகில் லூவீனியாவின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருப்பாள். “பெரியப்பா, உங்கள கரையில பாத்து அழுதாங்கன்னா?” என்று கோரின் கேட்டாள். அழுதால் அழட்டும். ஆற்று வளைவைச் சுற்றிப் படகு திரும்பத் துறைக்குத்தானே வரும்? நான் நகராமல் அங்கேயே நிற்பேன்.

6. ஆகையால் தாங்கள் தயவுகூர்ந்து தடையை நீக்கி, இந்த மாற்றத்தை அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இன்னும் ஒன்று. அவளுக்கு நடை தளர்ந்துவிட்டது. அவள் ஏறி உட்காரும்வரை ஏறுபலகையை இழுக்க வேண்டாமென்று மாலுமிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் குறை சொன்னால், ஒலிபெருக்கியில் பழியை என் பெயரிலேயே போட்டுவிடுங்கள். அன்று படகு யாருக்காகவும் நிற்கவில்லை என்பது எனக்கும் தெரியும். இவளுக்காகக் கொஞ்சம் நிற்கட்டும், ஐயா.

இடம்: ஆய்ஸ்டர் பெண்ட்
நாள்: மே 19

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ரூபன் சிசோம்
லூவீனியாவின் கணவன்