பருப்பு வேகாத கிணறு

அன்பு மகள் இந்துமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம்தான் கண்ணு, மனசுக்குத்தான் சுகமில்லை. நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எழுதி, இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப உன் தங்கை தேஜஸ்ரீயிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் நீ வந்து, நில வடிவமைப்புப் படிப்பு காலேஜுக்குள்ளேயே இருந்தால் போதாது என்று, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் எது உப்பு என எல்லோருக்கும் புரிகிற மாதிரி ரேஷன் கடைச் சுவரில் பச்சையும் சிவப்புமாகப் படம் போட்டாயே, அதில்தான் இப்போது வம்பு. நம் கிணறு அதில் பச்சை. ரெண்டு வருட மழையில் உப்பு போய்த் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று அப்பாவும் நம்பி, போர்வெல் வற்றிப்போன பக்கத்துத் தோட்டத்து நல்லம்மாள் அக்காவின் தக்காளி நாற்றுக்கு நம் தண்ணீரைப் பாய்ச்சிக்கொள்ளச் சொன்னார். பத்தே நாளில் அத்தனையும் கருகிவிட்டது. படிச்ச புள்ள அவ ஊட்டுக் கெணத்த மட்டும் பச்சையாப் போட்டுக்கிட்டாளாங்க என்று அக்கா நம் வாசலில் நின்று கேட்டார். என் மகள் பொய் எழுதமாட்டாள் என்று அப்பா சண்டைக்கே போய்விட்டார். வெள்ளிக்கிழமை கிராம சபையில் அந்தச் சுவருக்கே வெள்ளையடிக்கச் சொல்லப்போகிறார்களாம்.

பொய் உன்னுடையதில்லை கண்ணு, என்னுடையது. சோதித்துப் பார்க்க வீட்டுக்கு வீடு பாட்டில் கொடுத்துக் கிணற்றுத் தண்ணீர் கேட்டாயே, நான் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. உன்னோடு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்களே என்று வெட்கம் வேறு. நம் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அடுப்படியில் நிற்கிற எனக்குத் தெரியாதா? சுவரில் பச்சை ஏறியபோதே சொல்லியிருக்கலாம், நீ அவ்வளவு சந்தோஷமாக நின்றாய், வாய் வரவில்லை.

நேற்று நல்லம்மாள் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை, கருகின நாற்றைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். இன்று அப்பாவிடம் சொல்ல வேண்டும், அதுதான் பெரும்பாடு. சபையில் நானே எழுந்து சொல்கிறேன், நீ எனக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. நீ மிச்சம் வைத்துப்போன சிவப்பு பெயிண்ட் பரணில்தான் இருக்கிறது, நம் கிணற்றுக்கு என் கையாலேயே அடித்துவிடுகிறேன்.

உன் வேலைக்கு ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் சாமி. வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் யார் வீட்டுத் தண்ணீரானாலும் நீயே மொண்டு பார், பெற்றவள் கொடுத்தாலும் நம்பாதே.

உன் அம்மா
முத்தாத்தாள்